பேட்டரி நன்றாக இருக்கிறது, இன்வெர்ட்டர் போய்விட்டது: மாற்று இன்வெர்ட்டர் பார்த்து வாங்குவது எப்படி

தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர்கள் 2008-லிருந்து 2013 வரை நீடித்த மின்வெட்டுக் காலத்தில் வாங்கியவை. 2012-ல் சென்னையைத் தாண்டினால் பல ஊர்களில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. கடையில் எது ஸ்டாக் இருந்ததோ அதை வாங்கி மாட்டினோம். அதற்கப்புறம் பேட்டரியை ஒரு தடவையோ இரண்டு தடவையோ மாற்றியிருப்போம், பெட்டியைத் தொட்டிருக்க மாட்டோம். இப்போது அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன, பேட்டரியோ போன வருஷம்தான் வாங்கியதாக இருக்கும்.

இந்த நிலைமையில் எல்லோரும் கேட்பது "900 விஏ போதுமா, 1100 போடலாமா, எந்தக் கம்பெனி நல்லது" என்றுதான் (விஏ என்பது பெட்டி எவ்வளவு லோடு தாங்கும் என்பதற்கான அளவு). அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: நம்மிடம் இருக்கிற பேட்டரிக்கு இந்தப் பெட்டி ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுமா? இப்போது கரண்ட் போவது மாதம் ஒருநாள் துணை மின்நிலையப் பராமரிப்புக்காக, கோடை ராத்திரியில் லோடு தாங்காமல் டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிப் ஆகும்போது, அப்புறம் மழை, புயல். மீதி நேரம் முழுக்க, அதாவது வருஷத்தில் பெரும்பாலான மணி நேரம், இன்வெர்ட்டர் செய்கிற வேலை சார்ஜர் வேலை மட்டும்தான். இரண்டில் விலை கூடிய பொருள் பேட்டரி. சார்ஜிங் சரியில்லாத பெட்டியை வாங்கினால் அந்தப் பேட்டரி இரண்டே வருஷத்தில் படுத்துவிடும், பழியும் பேட்டரிமேல்தான் விழும்.

போனது இன்வெர்ட்டர்தானா என்று முதலில் பாருங்கள்

கரண்ட் போனதும் பத்து நிமிஷத்தில் இன்வெர்ட்டர் "பீப் பீப்" என்று கத்தி நின்றுவிடுகிறது என்றால் பெட்டியில் தப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் அது பேட்டரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்று இருந்தால் இதை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பிடியுங்கள். மெயின் கரண்ட் இருக்கும்போது வோல்டேஜ் மெல்ல மெல்ல ஏறி சில மணி நேரத்தில் 14-ஐத் தொட வேண்டும். கரண்ட் இருந்தும் மணிக்கணக்காக 12.3, 12.4 என்று அசையாமல் நின்றால் சார்ஜிங் நடக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸ் அல்லது ரீசெட் பட்டனை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதுவும் சரி என்றால் கோளாறு இன்வெர்ட்டரில்தான். நேர்மாறாக, சார்ஜ் போட்ட பத்து நிமிஷத்திலேயே 14-ஐத் தாண்டி "ஃபுல்" காட்டி, கரண்ட் போனதும் மளமளவென்று 11-க்குக் கீழே சரிகிறது என்றால் பேட்டரி முடிந்துவிட்டது. அப்போது புது இன்வெர்ட்டர் வாங்கினாலும் அதே கதைதான்.

தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் (ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் கருவி) இன்னும் தெளிவாகச் சொல்லும். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஆறு மூடியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஆசிடை உறிஞ்சி, மிதவை எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து செல்லில் 1.240, 1.235 என்று வந்து ஒரே ஒரு செல்லில் மட்டும் 1.150 என்று இறங்கி நின்றால் அந்தச் செல் போய்விட்டது. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்லும் வரிசையாகத்தான் இணைந்திருக்கும், அதனால் ஒன்று கெட்டாலும் முழுப் பேட்டரியும் கெட்ட மாதிரிதான். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, 1.220-க்கு மேல் இருந்தால் பேட்டரிக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது, தைரியமாக இன்வெர்ட்டர் மட்டும் தேடலாம். இதைச் செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நல்ல சட்டை வேண்டாம். ஒரு சொட்டு ஆசிட் தெறித்தால் இரண்டு துவையலில் அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிடும்.

முனைகளையும் விட்டுவிடாதீர்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய்க் கிடக்கும் முனையில் நல்ல இன்வெர்ட்டரும் "லோ பேட்டரி" என்றுதான் சொல்லும். இன்வெர்ட்டரை அணைத்து ஒயரைக் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து முனைமேல் மட்டும் ஊற்றித் தேய்த்து, அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, காய்ந்ததும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி இறுக்கினால் சில வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இன்வெர்ட்டர்தான் போனது என்று உறுதியாகிவிட்டது. ரிப்பேரா, மாற்றா? வாங்கி மூன்று நான்கு வருஷம்தான் ஆகிறது, சைன் வேவ் மாடல் (மெயின் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கொடுப்பது), உள்ளே மாஸ்ஃபெட்டோ ரிலேயோ கூலிங் ஃபேனோ போயிருக்கிறது என்றால் ரிப்பேர் பாருங்கள், வாரண்டி இருக்கிறதா என்று பில்லையும் தேடுங்கள். பத்து வருஷத்துக்கு மேலான ஸ்கொயர் வேவ் பெட்டி, போர்டு கருகியிருக்கிறது என்றால் அதில் காசு போட வேண்டாம். அது சார்ஜ் செய்யும் விதமே பழையது.

பேட்டரி லேபிளிலிருந்து தொடங்குங்கள்

பேட்டரிமேல் இருக்கும் ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதில் மூன்று விஷயம் வேண்டும்.

முதலாவது வோல்டேஜ். வீட்டில் ஒற்றை 12 வோல்ட் பேட்டரி இருந்தால் 12 வோல்ட் இன்வெர்ட்டர்தான் வாங்க முடியும். 1500 விஏ-க்கு மேல் போனால் பெரும்பாலும் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி வேண்டும். "இருக்கிற பேட்டரியோடு புதுசு ஒன்று சேர்த்துவிடலாம் சார்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வரிசையில் இணைத்த இரண்டு பேட்டரிக்கும் ஒரே கரண்ட்தான் ஓடும். பழையது சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், சீக்கிரம் காலியாகவும் செய்யும், புதியது எப்போதும் அரைகுறையாகவே நிற்கும். இரண்டும் சேர்ந்து கெடும்.

இரண்டாவது வகை. டியூபுலர், ஃப்ளாட் பிளேட், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத எஸ்எம்எஃப், லித்தியம் ஆகிய நான்கும் ஒரே மாதிரி சார்ஜ் ஆகாது. தண்ணீர் ஊற்றும் டியூபுலருக்கு 14.4 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ ஏற்றி, நிரம்பியதும் 13.7 பக்கத்தில் இறக்கிப் பிடித்து வைக்க வேண்டும். அதே அளவை சீல் வைத்த எஸ்எம்எஃப்-க்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே வற்றும், திரும்ப ஊற்றவும் வழியில்லை. எனவே பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சோ மெனுவோ இருக்கும் இன்வெர்ட்டராகப் பாருங்கள். இப்போதைய சைன் வேவ் மாடல்கள் பலவற்றில் பின்பக்கம் அந்த ஸ்விட்ச் இருக்கிறது, ஆனால் மாட்ட வருகிறவர் அதைக் கவனிக்காமல் போவதும் சகஜம். பழைய பெட்டி எப்படி ஏற்றிக்கொண்டிருந்தது என்று தெரிய ஓர் அடையாளம் உண்டு: மாதா மாதம் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தது என்றால் அது அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறது. ஒழுங்கான சார்ஜிங்கில் டியூபுலர் பேட்டரி மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம்கூட தண்ணீர் கேட்காது.

மூன்றாவது ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு), அதிலிருந்து வரும் சார்ஜிங் ஆம்பியர். பொதுவாகச் சொல்லும் கணக்கு பத்தில் ஒரு பங்கு, 150 ஏஎச் பேட்டரிக்கு 15 ஆம்பியர். சின்ன இன்வெர்ட்டர்களில் 10, 12 ஆம்பியரோடு நின்றுவிடுபவை உண்டு. அதில் 220 ஏஎச் பேட்டரியைக் கட்டினால் காலியான பேட்டரி நிரம்ப ஒரு நாள் ஆகும், அதற்குள் இன்னொரு தடவை கரண்ட் போனால் பேட்டரி பாதியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், லெட்-ஆசிட் பேட்டரியை அரைகுறை சார்ஜில் வைத்திருப்பது அதைக் கெடுக்கிற நேர்வழி. மறுபக்கம், 100 ஏஎச் பேட்டரிக்கு 20 ஆம்பியர் ஏற்றினால் சூடாகும். ஆம்பியரை மாற்றும் வசதி இருந்தால் மிக நல்லது, இல்லையென்றால் உங்கள் பேட்டரிக்குப் பொருந்துகிற அளவு ஸ்பெக் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். விளம்பரப் பக்கத்தில் விஏ மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். சார்ஜிங் கரண்ட் கடைசி வரியில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. சார்ஜிங் கரண்ட் போடாத மாடலை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

எத்தனை விஏ?

விஏ வேறு, வாட் வேறு. 900 விஏ என்று எழுதிய பெட்டி கொடுப்பது சுமார் 700 வாட், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய ரக சீலிங் ஃபேன் மூன்று, ஒன்றுக்கு 75 வாட் வைத்தால் 225. எல்இடி டியூப் நான்கு, 80. டிவி 80, வைஃபை பெட்டி 10. மொத்தம் 395 வாட். இதற்கு 900 விஏ தாராளம். 1500-க்குப் போக ஒரு காரணமும் இல்லை. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் நேரம் கூடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரியும் லோடும்தான். பெட்டி பெரிதானால் சும்மா இருக்கும்போது அது தின்னும் கரண்ட்தான் கூடும்.

அந்த 395 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 150 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் இழுத்தால் கிடைக்கும் அளவு. 40 ஆம்பியர் இழுக்கும்போது அவ்வளவு கிடைக்காது, நல்ல பேட்டரியிலேயே இரண்டரை மணி நேரம் வந்தால் சந்தோஷப்படலாம். பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணி வரைக்கும் அதற்கு மேலும் நீள்கிறதே, அதற்கு இது போதாது. இங்கே இன்வெர்ட்டரை மாற்றுவதைவிட ஃபேனை மாற்றுவது பலன் தரும். மூன்று ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் மொத்த லோடு 260-க்கு இறங்கிவிடும், அதே பேட்டரி நான்கு மணி நேரத்தைத் தொடும். பெரிய இன்வெர்ட்டருக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் ஒதுக்கி வைத்த பணம் இருந்தால் அதை ஃபேனில் போடுங்கள், கரண்ட் பில்லும் குறையும்.

ஃப்ரிட்ஜ் பற்றிக் கேட்பார்கள். ஓடும்போது 150 வாட்தான், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு இழுக்கும், 900 விஏ பெட்டி ஓவர்லோடு என்று அணைந்துவிடலாம். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சாதாரண மின்தடைக்கு அதை இன்வெர்ட்டரில் போடத் தேவையே இல்லை. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் மோட்டார் எதுவும் இந்த லைனில் வரக் கூடாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கைத் தாராளமாகப் போடுங்கள். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கும் பெரியவர்கள் இருந்தால், 5 லிட்டர் மெஷின் 300 முதல் 350 வாட் வரை இடைவிடாமல் இழுக்கும். சுத்தமான சைன் வேவ் கட்டாயம், அதற்கென்று தனி இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைப்பது நல்லது, இருந்தாலும் நிரம்பிய ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்கவே வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் நம்பி அவர்களை விடாதீர்கள்.

சைன் வேவ், அப்புறம் அந்த மோட் ஸ்விட்ச்

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும்போது "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்குமே, அந்த அலை மோட்டாருக்கு ஒத்துவராததால் வருவது, மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். விலை கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர அதை வாங்க இன்று காரணம் இல்லை. பெட்டியில் "ப்யூர் சைன் வேவ்" என்று எழுதியிருக்க வேண்டும். "மாடிஃபைடு", "ஸ்டெப்டு", "குவாசி", "டிஜிட்டல்" என்றெல்லாம் எழுதியிருந்தால் அது சைன் வேவ் அல்ல.

யூபிஎஸ் மோட், நார்மல் அல்லது ஈகோ மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யூபிஎஸ் மோடில் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் பேட்டரிக்கு மாறும், ஆனால் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கினாலே கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். நார்மல் மோடில் மாறுவதற்கு ஒரு கண்சிமிட்டும் நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் 100, 110 வோல்ட் வரைகூட சமாளித்து மெயினிலேயே ஓடும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் கிராமத்து வீடுகளில் பம்ப்செட் எல்லாம் ஓடும் சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் 170-க்கு வந்துவிடும். அங்கே யூபிஎஸ் மோடில் வைத்தால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும், நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது. "புது இன்வெர்ட்டர், ஆனால் அரை மணிதான் நிற்கிறது" என்கிற புகார்களில் ஒரு பங்கு இந்த ஸ்விட்சால் வருவது. உங்கள் தெருவில் லோ வோல்டேஜ் உண்டென்றால், குறைந்த வோல்டேஜிலும் சார்ஜ் ஏறுமா என்று கடையில் தனியாகக் கேளுங்கள். சில மாடல்கள் அந்த நேரத்தில் விளக்கை எரிய விடும், பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது.

சும்மா இருக்கும்போது எவ்வளவு வாட் தின்கிறது என்பதும் பார்க்க வேண்டியதே. 15 வாட் என்றால் ஒரு நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாத பில்லில் 21, 22 யூனிட். இலவச யூனிட் வரம்பை ஒட்டி வாழும் வீட்டுக்கு இது தெரியும்.

லித்தியம், சோலார் ஆசை இருந்தால்

பேட்டரி நன்றாக இருக்கும்போது லித்தியத்துக்குத் தாவ வேண்டாம். ஆனால் அடுத்த பேட்டரி லித்தியமாக இருக்கலாம் என்று நினைத்தால், லித்தியம் செட்டிங் உள்ள இன்வெர்ட்டராக இப்போதே வாங்கிவிடுங்கள். லெட்-ஆசிட்டுக்கான பெட்டியில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைக் கட்டினால் உயர் வோல்டேஜில் ஏற்றும் கட்டத்தில் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிவிடலாம், பேட்டரி சதவீதமும் தப்பாகவே காட்டும், ஏனென்றால் லித்தியம் கிட்டத்தட்ட காலியாகும் வரை 13 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும்.

சோலார் விஷயத்தில் நிறைய பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். "சோலார் இன்வெர்ட்டர்" என்று வாங்கி, 330 வாட் பேனல் ஒன்றை 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் சார்ஜர் வழியாகக் கட்டினால், அந்தப் பேனல் 37 வோல்ட்டில் கொடுக்க வேண்டியதை 13 வோல்ட்டுக்கு இழுத்து வைத்துவிடும், கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. பல 12 வோல்ட் பிடபிள்யூஎம் மாடல்களுக்கு 36 செல் பேனல்தான் பொருத்தம், பெரிய பேனலின் வோல்டேஜ் அவற்றைப் பழுதாக்கவும் கூடும். பெரிய பேனல் போடுவதாக இருந்தால் எம்பிபிடி (பேனலின் கூடுதல் வோல்டேஜை வீணாக்காமல் மாற்றிக் கொடுக்கும் சார்ஜர்) வேண்டும், அது தாங்கும் அதிகபட்ச வோல்டேஜைப் பேனல் ஸ்டிக்கரில் உள்ள ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து போடுங்கள்: சாதாரண ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் அணைந்துவிடும். லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் வெயில் கொளுத்தினாலும் ஃபேன் சுற்றாது. ஆகவே அந்த வீட்டுக்கும் இன்வெர்ட்டர் வேண்டும்.

கடையில் நிற்கும்போது

லுமினஸ், மைக்ரோடெக், வி-கார்டு, எக்ஸைடு, அமரான் எல்லாம் நம் ஊரில் பரவலாகக் கிடைப்பவை. எது சிறந்தது என்று வரிசைப்படுத்துவதைவிட உங்கள் ஊரில் யாருக்கு சர்வீஸ் ஆள் இருக்கிறார் என்று பார்ப்பது உபயோகம். வாங்குவதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, நம் ஊர் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வருவார்களா, எத்தனை நாளில் வருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, கெட்டபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறுவது வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் நடக்கிற காரியமா?

டிரான்ஸ்ஃபார்மர் காப்பர் வைண்டிங்கா என்று கேளுங்கள், பில்லிலோ ஸ்பெக்கிலோ இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டர்களுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும், அது இல்லாத லோக்கல் அசெம்பிள் பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், ராத்திரி எல்லோரும் தூங்கும்போது ஓடுகிற பொருள் இது. வாரண்டி எத்தனை மாதம், எந்தத் தேதியிலிருந்து என்பதை சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் இருங்கள்

பழைய பெட்டியைக் கழற்றும் முன் ஒயர் எது எங்கே போகிறது என்று ஒரு படம் எடுங்கள். இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கைப் பிடுங்கி, மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கடைசி ஒயர் தொடும்போது "சட்" என்று ஒரு சின்னப் பொறி வருவது இயல்பு, உள்ளே இருக்கும் கெபாசிட்டர் நிரம்புவதால் வருவது. பாசிட்டிவும் நெகட்டிவும் மாறினால் மட்டும் புதுப் பெட்டி அந்த நொடியே போய்விடும், வாரண்டியும் கிடைக்காது.

முழு லோடில் 12 வோல்ட் இன்வெர்ட்டர் 65, 70 ஆம்பியர் இழுக்கும். பழைய மெல்லிய பேட்டரி ஒயரையே திரும்ப மாட்டினால் ஒயரிலேயே வோல்டேஜ் தொலைந்துவிடும், தொட்டால் சூடாக இருக்கும். 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர், முடிந்த அளவு நீளம் குறைவாக, நுனியில் நன்றாக அழுத்திய லக்குடன் போடச் சொல்லுங்கள்.

நியூட்ரல் குழப்பம்தான் ஒயர்மேன்களைச் சுற்றலில் விடுவது. இன்வெர்ட்டர் லைனின் ஃபேஸ் பெட்டி வழியாக வந்து, நியூட்ரல் ட்ரிப்பருக்கு வெளியே எங்கிருந்தோ வந்தால் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் அந்த ட்ரிப்பர்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். மாட்டி முடித்ததும் மெயினை இறக்கிவிட்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து, எந்தெந்த பாயிண்டில் கரண்ட் வருகிறது என்று பாருங்கள். பாத்ரூம் கீசர் பிளக்கில் வந்தால் அதை அன்றே பிரிக்க வேண்டும். இன்னொன்று, இதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்: இன்வெர்ட்டர் அவுட்புட்டை இருபக்கமும் பிளக் போட்ட ஒயரால் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டுக்கு கரண்ட் கொடுப்பது கொலைக்குச் சமம். மெயின் இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெரு லைனுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் அதன் வோல்டேஜ் பல மடங்காக ஏறும், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அது தெரியாது.

சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மாடிப்படிக்குக் கீழே கதவு போட்ட அலமாரி, பூஜை அறையில் விளக்கு எரியும் தட்டுக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் என்றெல்லாம் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி.

முதல் வாரத்தில் ஒருநாள், பேட்டரி முழுக்க நிரம்பியதாகப் பெட்டி காட்டும்போது மல்ட்டிமீட்டரைப் பிடித்துப் பாருங்கள். டியூபுலருக்கு 13.5-லிருந்து 13.8-க்குள் நின்றால் சார்ஜிங் சரி. மறுநாளும் 14.5 என்று நின்றுகொண்டிருந்தால் பின்பக்க ஸ்விட்ச் தப்பான வகையில் இருக்கிறதா என்று பாருங்கள், அது சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் வாரண்டியில் கூப்பிட்டு மாற்றிக் கேளுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள் அல்லது மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். நாளைக்கு பேட்டரியும் முடியும்போது, 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள்படி அதைக் கடையிலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோதான் திருப்பித் தர வேண்டும், ஈயத்தின் எடைக்கு நல்ல விலையும் கிடைக்கும். ஆசிடைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப்போகும் ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.